பார்ட் டைம் வேலைன்னா நோட்டீஸே இல்லாம நிறுத்திரலாமா? (குன்னூர்)

குன்னூர்_அம்மு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு, யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல, அதான் இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

குன்னூர்ல டீ தூள், வர்க்கி, சாக்லேட், தைலம் எல்லாம் விக்கிற ஒரு கடைல போன வருஷம் பொங்கல் கழிச்சு சேர்ந்தேன். காலைல பத்து மணிலேர்ந்து ரெண்டரை வரைக்கும் தான். பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு போயிட்டு அவ வர்றதுக்குள்ள வீடு வந்துரலாம்னு நானே கேட்டு வாங்கின டைம் அது. பில் போடறது, டீ தூள கால் கிலோ அரை கிலோவா எடை போட்டு பேக் பண்றது, சாக்லேட் தட்டு அடுக்கறது, கஸ்டமர் வந்தா எந்த டீ தூள் ஆர்த்தடாக்ஸ் ரகம், எது சிடிசி ரகம்னு சொல்லி விக்கறது, இதான் வேலை. சீசன்ல மட்டும் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் நிக்க சொல்லுவாங்க, நின்னிருக்கேன், மாமியார் பாப்பாவ பாத்துக்குவாங்க. அதுக்கு தனியா காசுன்னு எதுவும் குடுத்ததில்ல, மதியம் சாப்பாடு வாங்கி தருவாங்க அவ்ளோ தான். மாசச் சம்பளம், ஜிபேல வரும். ஆர்டர் காப்பி, ஐடி கார்டு எதுவும் கிடையாது.

இந்த மே மாசம் பழக்கண்காட்சி முடியற வரைக்கும் கடைல நல்ல கூட்டம். ஜூன் பொறந்து மழை புடிச்சுது, ஒரு நாள் ராத்திரி ஓனர்கிட்ட இருந்து வாட்ஸ்ஆப்ல மெசேஜ் வருது, "நாளைலேர்ந்து வர வேண்டாம், ஆள் குறைக்கிறோம்"னு. அவ்ளோ தான், ஒரு போன் கூட இல்ல. மறுநாள் நேர்ல போய் கேட்டேன், ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா வேற எங்கயாச்சும் பாத்திருப்பேனேன்னு. "பார்ட் டைம் தானம்மா, இதுக்கெல்லாம் யாரு நோட்டீஸ் குடுப்பா"ன்னுட்டாரு.

மே மாசச் சம்பளத்துல பாதி, அப்புறம் ஜூன்ல வேலை செஞ்ச நாளு, ரெண்டும் பாக்கி. அத கேட்டதுக்கு, "சொந்த காரணத்துக்காக வேலைய விட்டு நின்னுக்கறேன், எனக்கு பாக்கி ஏதும் இல்ல"ன்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு குடு, உடனே தர்றேன்னு சொல்றாரு. நான் இன்னும் போடல.

இதெல்லாம் கூட பரவால்லீங்க. பக்கத்து கடைல வேலை செய்யற பொண்ணுகிட்ட, "சரக்கு கொஞ்சம் குறையுது, அதான் நிறுத்திட்டேன்"னு சொல்லியிருக்காரு. நான் கல்லாவுல இருந்து ஒரு ரூபா எடுத்தவ இல்ல. இந்த ஊர்ல அப்படி ஒரு பேச்சு வந்துருச்சுன்னா வேற எந்த கடைல என்ன நம்பி கல்லாவுல உக்கார வைப்பாங்க? ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

நான் கேக்கறது இதான். பார்ட் டைம்னா உண்மையாவே எதுவும் கிடையாதா? அந்த பேப்பர்ல கையெழுத்து போட்டு பாக்கிய வாங்கிட்டு பேசாம இருந்துரலாமா? வீட்டுக்காரர் "விடு, வம்பு வேணாம்"ங்கறாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கேத்தி_பள்ளத்தாக்கு:

அம்மு, மொதல்ல அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம். நீங்களே நின்னுக்கிட்டதா எழுதி குடுத்துட்டா, அவரு நிறுத்தினாருங்கறதே இல்லாம போயிரும், நாளைக்கு எந்த ஆபீஸுக்கு போனாலும் அந்த ஒரு தாள நீட்டிருவாரு. நான் ஊட்டில ஒரு துணிக்கடைல ரொம்ப வருஷம் நின்னவ, அங்க இப்படி எழுதி குடுத்துட்டு அப்புறம் அழுத பொண்ணுங்கள பாத்திருக்கேன்.

சம்பளம் நீங்க வேலை செஞ்சதுக்கு, அதுக்கும் இந்த பேப்பருக்கும் சம்மந்தமே இல்ல. "இவ்வளவு ரூபா பெற்றுக்கொண்டேன்"னு தொகையும் எந்த மாசத்துக்குன்னும் எழுதின வவுச்சர் குடுத்தா அதுல போடுங்க, தப்பில்ல. வெறும் தாள்லயும் "பாக்கி ஏதும் இல்ல"ங்கற வரி இருக்கற தாள்லயும் போடாதீங்க.

அடுத்து இன்னைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது, அந்த வாட்ஸ்ஆப் மெசேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற ஒருத்தர் போனுக்கும் மெயிலுக்கும் அனுப்பி வைங்க, ஏன்னா அவரு "அனைவருக்கும் நீக்கு" போட்டாருன்னா போச்சு. பழைய சாட்டையும் அழிச்சிராதீங்க, "இன்னைக்கு சீக்கிரம் வாம்மா", "லோடு வருது இருந்து இறக்கிட்டு போ"ன்னு அனுப்பின சின்ன சின்ன மெசேஜ் எல்லாம் தான் நீங்க அங்க வேலை செஞ்சதுக்கு சாட்சி. பேங்க்ல போய் சேர்ந்த மாசத்துலேர்ந்து ஸ்டேட்மென்ட் எடுங்க, ஜிபே வரவு எல்லாம் அதுல அவரு பேரோட இருக்கும். உங்க கையெழுத்துல போட்ட பில் புக் போட்டோ ஏதாச்சும் போன்ல கிடந்தா அதுவும்.

போன் மாத்தறதா இருந்தா இப்ப மாத்தாதீங்க.

இன்னொன்னு, சம்மந்தம் இல்லாம இருக்கலாம், ஆனா சொல்லணும்னு தோணுது. 2021ல நம்ம தமிழ்நாட்டுல கடைல நிக்கறவங்களுக்கு உக்கார சீட் குடுக்கணும்னு சட்டமே திருத்தினாங்க. நாங்க வேலை செஞ்ச காலத்துல கஸ்டமர் இல்லாதப்ப கூட சுவத்துல சாஞ்சா திட்டு விழும். அந்த சட்டம் வந்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. கடைல நிக்கற பொம்பளைங்கள சட்டம் கண்டுக்கவே இல்லன்னு நெனச்சுராதீங்க, அம்மு. இருக்கு, கேக்கறதுக்கு தான் ஆள் இல்ல.

ஊட்டி_கோர்ட்_ரோடு:

வணக்கம்மா. நான் ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா, லேபர் மேட்டர் நிறைய பாத்திருக்கேன். கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொறுமையா படிங்க.

உங்களுக்கு பொருந்தறது 1947ம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதுல 41வது பிரிவு தான் உங்க விஷயம். தொடர்ந்து ஆறு மாசத்துக்கு குறையாம வேலை செஞ்ச ஒருத்தர, நியாயமான காரணம் இல்லாம நிறுத்தக் கூடாது, காரணம் இருந்தாலும் ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும், இல்லன்னா அதுக்கு பதிலா ஒரு மாசச் சம்பளம் குடுக்கணும். நீங்க போன வருஷம் பொங்கல்லேர்ந்து இருக்கீங்க, ஆறு மாசம் எப்பவோ தாண்டியாச்சு. "ஆள் குறைக்கிறோம்"ங்கறது காரணமா இருக்கலாம், ஆனா அதனால நோட்டீஸ் இல்லாம ஆயிராது.

நோட்டீஸ் இல்லாம நிறுத்தலாம்னு அதே பிரிவு சொல்ற இடம் ஒன்னே ஒன்னு தான், நடத்தை சரியில்லன்னு குற்றம் சாட்டி, அதுக்குன்னு விசாரணை வச்சு, அந்த விசாரணைல சாட்சியம் பதிவாகி அது நிரூபணம் ஆகியிருக்கணும். இத கவனிங்க. உங்ககிட்ட மெசேஜ்ல ஆள் குறைப்புன்னு சொல்லிட்டு, வெளில சரக்கு குறையுதுன்னு பேசறாருன்னா, நாளைக்கு கேள்வி வந்தா திருட்டுப் பட்டம் கட்டி தப்பிச்சுக்க வழி பண்றாரோன்னு எனக்கு சந்தேகம் வருது. ஆனா விசாரணை எங்க? உங்கள கூப்பிட்டு கேட்டாரா? எழுதி குடுத்தாரா? ஸ்டாக் ரிஜிஸ்டர் காட்டினாரா? எதுவும் இல்ல. அவரு கைப்பட அனுப்பின மெசேஜ்ல ஆள் குறைப்புன்னு தான் இருக்கு, அதனால அந்த மெசேஜ் உங்களுக்கு தங்கம் மாதிரி.

இப்ப பார்ட் டைம் விஷயம். உண்மைய மறைக்காம சொல்றேன், எதிர்த்தரப்பு வக்கீல் இங்க தான் கை வைப்பாரு. கடைச் சட்டத்துல வேலையாள்னு சொல்றது, முழுசாவோ முக்கியமாவோ அந்த கடை வேலைல இருக்கறவங்கள. வேற எடத்துல முழு நேர வேலை பாத்துட்டு சாயங்காலம் ஒரு மணி நேரம் கணக்கு எழுத வர்ற ஆளுன்னா அங்க வாதம் பண்ண எடம் இருக்கு. உங்களுக்கு வேற வேலை கிடையாது, தினமும் கடைக்கு போய் கடையோட வேலைய மட்டும் தான் பாத்திருக்கீங்க, சீசன்ல ஏழு மணி வரைக்கும் நின்னிருக்கீங்க, மாசச் சம்பளம். உங்க முக்கிய வேலையே இது தான்னு மனுவுல தெளிவா எழுதணும். நேரம் கம்மிங்கறதுனால மட்டும் தொழிலாளி இல்லன்னு ஆயிராது. 2011ல தேவிந்தர் சிங்ங்கறவரு பஞ்சாப்ல சனௌர் முனிசிபல் கவுன்சிலுக்கு எதிரா போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, தொழிலாளிங்கற வரையறைல முழு நேரம் பகுதி நேரம்னு எந்த வித்தியாசமும் இல்லன்னு சொல்லியிருக்கு. அது தொழில் தகராறு சட்டத்துக்கு கீழ வந்த தீர்ப்பு, கடைச் சட்டத்து வார்த்தை வேற, அதனால அப்படியே ஒட்ட முடியாது, ஆனா துணைக்கு காட்டலாம்.

பாக்கி சம்பளம் தனி விஷயம், அதுக்கு தனி சட்டம். 2019ம் வருஷத்து ஊதியத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21லேர்ந்து நடைமுறைக்கு வந்துருக்கு, அதுல 17வது பிரிவுல, நிறுத்தினாலும் சரி நீங்களா நின்னாலும் சரி, ரெண்டு வேலை நாளுக்குள்ள முழுசா செட்டில் பண்ணணும்னு இருக்கு. கையெழுத்து போட்டா தான் தருவேங்கறதுக்கு அங்க எடமே இல்ல. சீசன்ல கூடுதலா நின்னதும் சும்மா போகாது, எட்டு மணி நேரத்துக்குள்ள இருந்தா சாதாரண கணக்குல சம்பளம், எட்டு மணிய தாண்டினா கடைச் சட்டப்படி ரெட்டிப்பு.

ரொம்ப முக்கியம், தேதி. சம்பள பாக்கிக்கு மனு போட மூணு வருஷம் டைம் இருக்கு. ஆனா 41வது பிரிவுல மேல்முறையீடு போட 30 நாள் தான். நிறைய பேரு "பேசி பாப்போம், ஆடி கழியட்டும்"னு இருந்து இந்த 30 நாள கோட்ட விட்டுர்றாங்க, அப்புறம் தாமதத்துக்கு காரணம் சொல்லி தனியா கெஞ்சணும். மெசேஜ் வந்த தேதிய காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. குன்னூர்லயே தொழிலாளர் துறை ஆபீஸ் இருக்கு, நேர்ல போய் 41(2) அப்பீல் எந்த அதிகாரிகிட்ட போடணும்னு கேளுங்க, வழி சொல்லுவாங்க. மனு குடுத்துட்டு உங்க காப்பில ஆபீஸ் சீல் வாங்காம வராதீங்க.

கமர்ஷியல்_ரோடு_கடைக்காரன்:

நானும் ஊட்டில சின்னதா கடை வச்சிருக்கேன், அதனால இந்த பக்கமும் ஒரு வார்த்தை சொல்றேன், கோச்சுக்காதீங்க.

ஜூன் வந்தா எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். சீசன் காசு தான் செப்டம்பர் அக்டோபர் ரெண்டாவது சீசன் வரைக்கும் வண்டிய ஓட்டணும், நடுவுல மழை, ரோடுல மண் சரிஞ்சா ஒருத்தரும் மேல வர மாட்டாங்க. 2024 மே மாசம் ஐகோர்ட் உத்தரவுல ஊட்டிக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு, 2025 சீசன்ல நாளைக்கு இத்தனை வண்டி தான்னு வாரநாள்ல 6000, சனி ஞாயிறுல 8000னு கட்டுப்பாடு வந்துச்சு. மலை தாங்கணும்னா அது வேணும்னு தான் நானும் நெனக்கிறேன், ஆனா கடை வாடகை குறையலையே. ஆள் குறைக்கற நிலைமை நெசமாவே வரும், உங்க ஓனர் அதுல பொய் சொல்லியிருக்க மாட்டாரு.

ஆனா அவரு செஞ்சது தப்பு. நிறுத்த வேண்டி வரும்னு ஏப்ரல்லயே தெரியும், எங்க எல்லாருக்கும் தெரியும், சீசன் முடிஞ்சா மழைங்கறது புதுசா? மே மாசம் மொதல் வாரமே "அம்மா, சீசனோட முடிச்சுக்கலாம்"னு சொல்லியிருந்தா அதான் ஒரு மாச நோட்டீஸ், அவருக்கு ஒரு ரூபா செலவில்ல. அத சொன்னா சீசன் நடுவுல நீங்க வேற கடைக்கு போயிருவீங்கன்னு பயந்து மறைச்சிருக்காரு. கூட்டத்துக்கு உங்கள வச்சு ஓட்டிட்டு மழைக்கு கை விட்டா அது வியாபாரம் இல்ல.

திருட்டுப் பேச்ச கேட்டப்ப எனக்கு ரொம்ப கோவம் வந்துச்சு. டீ தூள்ல எடை குறையும், மூட்டை பிரிச்சு கால் கிலோவா போடறப்ப தூசி போகும், சிந்தும். கடைக்காரனுக்கு இது தெரியாதா? அத ஒரு பொம்பள தலைல கட்டறது பாவம்.

மலை_மேல_ஒருத்தி:

நான் வேற மாதிரி சொல்றேன் அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் காலேஜ் படிக்கறப்ப ஒரு ஹோம்ஸ்டேல வாரக் கடைசில வேலை பாத்தேன், இதே மாதிரி திடீர்னு நிறுத்தினாங்க, நான் எதுவும் கேக்கல. ஏன்னா ஊரு சின்னது. மேல் குன்னூர்ல தும்மினா பெட்போர்டுல கேக்கும். கம்ப்ளைன்ட் குடுத்த பொண்ணுன்னு பேரு வந்துட்டா கடைக்காரங்க எல்லாம் ஒரே சங்கம், ஒருத்தரும் சேக்க மாட்டாங்க. பாக்கிய மட்டும் வாங்கிட்டு கோயமுத்தூர் பக்கம் இல்லன்னா ஆன்லைன்ல ஏதாச்சும் பாருங்களேன்.

கேத்தி_பள்ளத்தாக்கு:

தங்கச்சி நீ சொல்ற பயம் புரியுது, ஆனா அவங்களுக்கு பாப்பா இருக்கு, ரெண்டரைக்கு வீடு வரணும், கோயமுத்தூர் எப்படி போவாங்க? அதோட இங்க பேரு ஏற்கனவே கெட்டுட்டு இருக்கு. சும்மா இருந்தா "ஆமா, அதான் வாய மூடிட்டு போயிட்டா"ன்னு ஆகும். எழுத்துல கேட்டு, அவரால எதையும் நிரூபிக்க முடியலன்னு ஆனா தான் அந்த பேச்சு நிக்கும்.

கோத்தகிரி_எஸ்டேட்_லைன்:

சகோதரி, நாங்க தேயிலைத் தோட்டத்து குடும்பம், சிலோன்ல இருந்து வந்தவங்க. டெம்பரவரி ஆளுன்னு பேரு வச்சே காலம் பூரா ஓட்டின கதை எங்க வீட்டுல உண்டு. எங்க அப்பா சொல்லுவாரு, ஆபீஸுக்கு ஒத்தைல போகாத, வாய் பேச்சா கேக்காத. அவ்ளோ தான் அவரு சொல்லி குடுத்தது.

நீங்க பெண்ங்கறதால வக்கீல் பீஸ் பத்தி கவலையே வேணாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்துல பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 15100க்கு போன் போடுங்க, இல்லன்னா கோர்ட்டுல சட்டப் பணிகள் குழு எங்கன்னு கேட்டா காட்டுவாங்க. வீட்டுக்காரர் வரலன்னா மாமியார கூட்டிட்டு போங்க, நீங்க சீசன்ல ஏழு மணி வரைக்கும் நின்னதுக்கு பாப்பாவ பாத்துக்கிட்ட அவங்களே சாட்சி.

கடைக்கு மொதல்ல ஒரு லெட்டர் எழுதுங்க. சேர்ந்த மாசம், வேலை நேரம், மாசச் சம்பளம், மெசேஜ் வந்த தேதி, பாக்கி எவ்வளவு, ஒரு மாச நோட்டீஸ் சம்பளம், இத்தனை நாளுக்குள்ள வேணும்னு. கோவமா ஒரு வார்த்தை வேணாம். திருட்டுப் பேச்ச பத்தி ஒரு வரி மட்டும், "சரக்கு குறைவு பற்றி என்னிடம் எதுவும் கேட்கப்படவில்லை, அப்படி ஒரு குற்றச்சாட்டு இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும்"னு. ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க. லெட்டர் போட்டுட்டு பதிலுக்காக 30 நாள் உக்காந்துராதீங்க, அண்ணன் மேல சொன்ன மாதிரி.

குன்னூர்_அம்மு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, படிச்சு படிச்சு அழுதுட்டேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நாத்தனார் போனுக்கு அனுப்பிட்டேன், பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்கியாச்சு. லெட்டரும் போட்டேன், அந்த ஒரு வரியோட.

போஸ்ட் போய் சேர்ந்த அன்னைக்கே சம்பள பாக்கி ஜிபேல வந்துருச்சு, எந்த கையெழுத்தும் கேக்கல. கூடுதலா நின்னதுக்கும் நோட்டீஸ் சம்பளத்துக்கும் பதில் இல்ல. போன் பண்ணி "இதோட விடும்மா, ரெண்டாவது சீசனுக்கு திரும்ப கூப்பிடறேன்"னாரு. வீட்டுக்காரர் இப்ப "கேளு, நான் வர்றேன்"ங்கறாரு. கூப்பிடறேன்னு சொன்னத நம்பி வெயிட் பண்ணலாமா அண்ணா? பணம் வாங்கிட்டதால இனிமே கேக்க முடியாதுன்னு ஆயிருமா?

ஊட்டி_கோர்ட்_ரோடு:

வேலை செஞ்ச சம்பளத்த வாங்கினதால எந்த உரிமையும் போகாதும்மா, பேப்பர்ல எதுவும் எழுதி குடுக்கலையே. அந்த ஜிபே வரவையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, பாக்கி இருந்ததுன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி அது.

வெயிட் பண்ண வேணாம். செப்டம்பர்ல கூப்பிடறாரோ இல்லையோ, உங்க 30 நாள் ஜூலைலயே முடியுது. அப்பீல் போட்டுருங்க, போட்ட பிறகு அவரு சமாதானமா ஒரு மாசச் சம்பளம் குடுத்து, எழுத்துல உங்க மேல குற்றச்சாட்டு எதுவும் இல்லன்னு குடுத்தாருன்னா, அந்த அதிகாரி முன்னாடியே எழுதி முடிச்சுக்கலாம், பாதிக்கு மேல அப்படி தான் முடியுது. அனுபவச் சான்றிதழும் அப்பவே சேத்து கேளுங்க, எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரைக்கும் வேலை செஞ்சீங்கன்னு கடை லெட்டர்பேட்ல. அடுத்த கடைல காட்ட அது போதும்.

திங்கக்கிழமை காலைல ஆபீஸ் திறந்ததும் போங்க. மனு மூணு காப்பி, ஸ்க்ரீன்ஷாட் பிரிண்ட், ஸ்டேட்மென்ட், லெட்டர் காப்பி, ஸ்பீட் போஸ்ட் ரசீது, ஆதார். மெசேஜ் வந்த போனையும் சார்ஜ் போட்டு எடுத்துட்டு போங்க.